மூன்றாம் வீட்டு வைக்கோல்

அப்பா என்னை அடித்ததே இல்லை. ஒரே ஒரு முறை தலையில் நறுக்கென்று குட்டியிருக்கிறார். அதுவும் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டதற்காக இல்லை, செய்து முடித்ததற்காக. அந்தக் குட்டு ஏன் விழுந்தது என்று எனக்கு விளங்கியபோது என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது நான்காம் வகுப்பு. செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானாவாரி பூமி. கடலை, கம்பு, சோளம், மேட்டுப்பக்கம் முந்திரி என்று மழையை நம்பிய விவசாயம். ஏரிக்குக் கீழே காணி வைத்திருந்த மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் நெல் போடுவார்கள். அதனால் ஊரில் வைக்கோல் போர் இருந்ததும் அந்த மூன்று வீட்டில்தான். மற்றவர்கள் மாட்டுக்குச் சோளத்தட்டையும் கடலைக்கொடியும் போட்டுச் சமாளித்தார்கள். ஒரு போர் வைக்கோலைப் பார்த்து ஊரே பொறாமைப்பட முடியும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, என் அத்தை. உள்ளூரிலேயே வடக்குத் தெருவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை, நிலமும் அதிகமில்லை, ஆனால் கையில் தொழில் இருந்தது. கிணறுகளுக்கு கரண்ட் வந்து, ஊருக்கு ஊர் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மோட்டார் வந்தால் மோட்டார் எரியவும் வேண்டுமல்லவா. எரிந்த மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றி மறுபடி ஓடவைக்கும் வேலை, காயில் கட்டுவது என்பார்கள், மாமா அதைப் பழகிக்கொண்டு பெரம்பலூரில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸில் வந்து இறங்குவார். வந்ததும் எங்கள் வீட்டு வாசலில் நின்று, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மிக்சர் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் வடக்குத் தெருவுக்குப் போவார். அந்த மிக்சரில் வறுத்த கறிவேப்பிலை நிறைய கிடக்கும். உலகத்தில் எனக்கு அவரைவிட மரியாதையான மனிதர் வேறு யாரும் இல்லை.

அந்த மாமா முதலில் ஒரு சனிக்கிழமை வரவில்லை. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று வந்தார். பிறகு வரவே இல்லை. பெரம்பலூரில் வேலை நெருக்கடி என்று அத்தை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவள் நம்பினாளோ என்னவோ, நான் முழுசாக நம்பினேன். ஆனால் மோட்டாரைச் சரி பார்க்கப் பெரம்பலூர் போன உள்ளூர்க்காரர் ஒருவர், பட்டறைக்குப் பின்னால் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணின் வீட்டுக் கொடியில் மாமாவின் கட்டம்போட்ட லுங்கி காய்வதைப் பார்த்துவிட்டு வந்தார். தீபாவளிக்கு அத்தை எடுத்துக்கொடுத்த லுங்கி. பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. டீக்கடையில் சொன்னார், அது ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டது.

லுங்கி என்றால் ஏதாவது ஒரு கொடியில் காயத்தானே வேண்டும், இதற்கு ஏன் அம்மா மூக்கைச் சிந்துகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அத்தை அழவில்லை. வடக்குத் தெரு வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தகரப் பெட்டியைத் தலையில் வைத்து, சீராகக் கொடுத்த செவலைப் பசுவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நேராகப் பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் அப்பாதான். அப்பாவுக்கு அப்போது நல்ல மீசை இருந்தது. இரண்டு பக்கமும் மேலே தூக்கி முறுக்கிய மீசை. அதற்கு அவர் விளக்கெண்ணெய் தடவுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். கோபத்தில் டீக்கடை வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னார், "மாசி முடியறதுக்குள்ள இவள அத்துவுட்டு வேற எடத்துல கட்டிக் குடுக்கல, எம் மீசைய எடுத்துடறேன்." ஆண்டிமடம் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றிப் பேச்சும் ஆரம்பித்துவிட்டது. மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி, குடி கிடையாது என்றார்கள். எங்கள் ஜனங்களில் ஒரு பெண் இரண்டாவதாகக் கழுத்து நீட்டுவது தலைகுனிவு இல்லை. முதலில் இருப்பதை முறையாக அத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அத்துவிடுவதற்கு ஒரு முறை இருந்தது. சபை கூடி, சீர் வந்த சாமான்களையெல்லாம் சபையில் கொண்டுவந்து வைக்க வேண்டும். பிறகு ஒரு வைக்கோலை எடுத்து, ஒரு முனையைப் புருஷனும் மறுமுனையைப் பெண்ணின் அண்ணனோ தகப்பனோ பிடித்து முறிக்க வேண்டும். அவரவர் கையில் தங்கிய துண்டை முதுகுக்குப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தால் தீர்ந்தது. அந்த வைக்கோல் நெல் வைக்கோலாக இருக்க வேண்டும். அது பெண் வீட்டுடையதாகவும் இருக்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டுடையதாகவும் இருக்கக் கூடாது. மூன்றாம் வீட்டு வைக்கோலாக இருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அத்தை எங்களோடு இருந்த அந்த மாதங்கள் எனக்குச் சந்தோஷமாகவே கழிந்தன. எனக்குத் தலை பின்னிவிட ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தது. அம்மாவோடு கடலை பிடுங்கப் போவாள், வருவாள், பால் கறப்பாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிருந்தது. ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளுக்கு ரோட்டைப் பார்த்த பக்கம் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். எரு தட்டுவாள், முள் வேலியைச் சரி செய்வாள், ஒன்றுமில்லாவிட்டால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கிய இடத்தையே பெருக்குவாள். பஸ் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனதும் உள்ளே வந்துவிடுவாள். அத்தைக்குச் சுத்தம் அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாசி கடைசியில் மாமா வந்தார். சனிக்கிழமைகூட இல்லை, வாரத்தின் நடுவில், மத்தியான பஸ்ஸில். தோளில் சாமான் பை இருந்தது, கையில் மிக்சர் பொட்டலம் இல்லை. நிலைமை மோசம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். வாசல் வரைக்கும் வந்தவர் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அம்மா என்னிடம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தனுப்பினாள். குடித்துவிட்டு என் தலையைத் தொடப் போனவர், அப்பாவைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார், "நாளைக்குச் சபை கூடுது. அதுவரைக்கும் யாரும் எங்கயும் போவக் கூடாது."

போகச் சொன்னாலும் மாமாவுக்குப் போக இடமில்லை. வடக்குத் தெரு வீட்டுச் சாவி அத்தையின் இடுப்பில் இருந்தது. அத்தையோ மாட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றவர் எங்கள் கிணற்றுப் பக்கம் போனார். அங்கே எங்கள் மோட்டார் எரிந்து கிடந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மிளகாய்ச் செடியெல்லாம் தலை தொங்கிக்கொண்டிருந்தது. மாமாவிடம் கொண்டுபோக மானம் தடுத்ததால் அப்பா அதை யாரிடமும் கொண்டுபோகாமல் வைத்திருந்தார். மாமா யாரையும் கேட்கவில்லை. மோட்டாரைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, பையிலிருந்த புதுக் கம்பியைச் சுற்று எண்ணி எண்ணிச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுக் கொடுத்தால் சுற்று தப்பிப்போகும் என்று தெரியும், அதனால் பேசவில்லை. பொழுது சாயும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அப்பா வந்து காலை நனைத்துக்கொண்டு வெகுநேரம் வாய்க்காலிலேயே நின்றார்.

மறுநாள் காலையில் பிள்ளையார் கோயில் புங்கமரத்தடியில் சபை கூடியது. நாட்டாண்மைக்காரர் வெற்றிலையை மடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். அத்தையின் தகரப் பெட்டி, பித்தளைத் தவலை, குத்துவிளக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. செவலைப் பசுவும் சீர்ப்பொருள்தானே, அதையும் கொண்டுவந்து புங்கமரத்தில் கட்டியிருந்தார்கள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதுபோல அது காதை ஆட்டிக்கொண்டு நின்றது. அத்தை பெண்கள் கூட்டத்தில் ஓரமாக நின்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா முறுக்கிய மீசையோடு, உரத்த குரலில், தங்கச்சிக்கு நேர்ந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னார். அவ்வளவு கோர்வையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. முடிவில், "அத்துவுட்டுடுங்க" என்றார்.

வைக்கோலுக்கு ஆள் அனுப்ப வேண்டும். இளவட்டங்கள் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். அப்பா கையை நீட்டித் தடுத்தார். "வேணாம். எங்க வூட்டு மானம் போன காரியம். எங்க வூட்டுப் புள்ளையே போயி வாங்கிட்டு வரட்டும்" என்று என்னைக் கூப்பிட்டார். மனுஷன் எவ்வளவு ரோஷக்காரன் என்று சபையில் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏரிக்குக் கீழே இருக்கும் மூன்று வீட்டையும் வரிசையாகச் சொல்லி, "அந்த மூணு வூட்டுல மட்டும் கேட்டாப் போதும். இல்லைன்னுட்டா பேசாம வந்துடு" என்று அனுப்பினார்.

முதல் வீட்டுக்காரர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும், வைக்கோலெல்லாம் மழையில் நனைந்து மக்கிப்போய்விட்டது என்றார். அந்த வருஷம் தை அறுப்புக்குப் பிறகு எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. இரண்டாம் வீட்டில், போர் முழுக்க எலி இருக்கிறது, கையை விட்டால் கடித்துவிடும் என்றார்கள். ஒரு துரும்புக்கு எதற்குக் கையை விட வேண்டும் என்று கேட்டேன். அந்த எலி துரும்பை எடுத்தாலும் துரத்திக்கொண்டு வரும் என்றார்கள்.

மூன்றாவது வீட்டில்தான் எனக்கு அழுகை வந்தது. அங்கே புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு அக்கா, வீட்டுக் கூரையைவிட உயரமான வைக்கோல் போரின்மேல் நன்றாக முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "எங்க வூட்டுல ஏதும்மா வைக்கல்?" என்றாள். நான் போரைக் காட்டினேன். "இது எங்க மாமனாருது. நான் தொட்டா வைவாரு" என்றாள். அவள் தலைமுடியில் ஒரு வைக்கோல் செருகிக்கொண்டிருந்தது. அதையாவது கொடுங்கள் என்றேன். அவள் அதை உருவி எடுத்து, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். "இது பல்லு குத்த வெச்சிருக்கேன்" என்றாள். நெல் போடுகிறவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் என்று அன்று நான் எடுத்த முடிவு பல வருஷம் மாறவில்லை.

வெறுங்கையோடு திரும்ப எனக்கு மனசு வரவில்லை. சபையே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. அப்பா அவ்வளவு பேர் முன்னால் என்னை நம்பி அனுப்பியிருக்கிறார். இல்லை என்று போய் நின்றால் இளவட்டங்கள் சிரிக்க மாட்டார்களா. அப்போதுதான் ரோட்டு வளைவு ஞாபகம் வந்தது. அறுப்பு முடிந்ததும் ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வைக்கோல் விற்க பாரவண்டிகள் எங்கள் ரோட்டு வழியாகப் போகும். வளைவில் தாழ்ந்து நிற்கிற கருவேல மரம் ஒவ்வொரு வண்டியிலும் உரசிக் கொஞ்சம் பிடுங்கி வைத்துக்கொள்ளும். ஆடுகள் எட்டுகிற உயரத்தில் இருந்ததையெல்லாம் தின்றுவிட்டு, எட்டாத உயரத்தில் மட்டும் விட்டுவைத்திருந்தன.

ஓடினேன். பக்கத்திலிருந்த மதகுக் கட்டையில் ஏறி, அங்கிருந்து கிளைக்குத் தாவினேன். பாவாடை டர்ரென்று கிழிந்தது. குதிகாலில் முள் ஏறியது. முழங்கை எரிந்தது. ஆனாலும் நல்லதாகப் பார்த்து, நுனி முறியாத, பொன் நிறமான ஒரு வைக்கோலை எடுத்துக்கொண்டேன். உடையாமல் இருக்க அதை முகத்துக்கு நேரே நட்டுக்குத்தலாகப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது சபை கலையும் தறுவாயில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, பாதிப் பேர் கஞ்சி குடிக்கப் போய்விட்டார்கள். ஒரு இளவட்டம், வைக்கோல் இல்லாவிட்டால் என்ன, சோளத்தட்டையை முறித்தால் போகிறது என்று சொல்ல, நாட்டாண்மைக்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய வருத்தத்தோடு பேசிக்கொண்டிருந்தார். "என்னங்க பண்றது. ஊருல ஒரு வைக்கல் கெடைக்கலைன்னா யாரக் கொற சொல்றது. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"கெடச்சிடுச்சுப்பா" என்று கத்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

எல்லோரும் என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள், பிறகு அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்வது. வீடு பற்றி எரிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு எட்டி வந்து தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். "பொம்பளப் புள்ள, கிழிஞ்ச பாவாடையோட ஓடியாற, அறிவில்ல?" என்றார். வலியைவிட ஆச்சரியத்தில்தான் எனக்கு வாய் கோணியது. பாவாடை கிழிந்ததற்குத்தான் குட்டு என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு ஊசி நூல் இருக்கிறதே, இதற்குப் போய் அடிப்பாரா என்று நினைத்தேன்.

நாட்டாண்மைக்காரர் வைக்கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த வீட்டுது என்று கேட்டார். மரத்தில் எடுத்ததைச் சொன்னேன். மரத்து வைக்கோல் செல்லாது என்று அப்பா அவசரமாகச் சொன்னார். நாட்டாண்மைக்காரர் நேர்மையான மனுஷர், அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம். "ஆத்தங்கரை வண்டியிலேருந்து வந்தது. மூணாம் வூடு என்ன, மூணாம் ஊருதே ஆச்சு. செல்லும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு முனையை மாமா பிடித்தார். மறுமுனையைப் பிடிக்க அப்பா வர வேண்டும். அப்பா துண்டைத் தேடினார். அது தோளிலேயேதான் இருந்தது.

அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒண்ணு கேக்கணும்" என்றாள். மாதக்கணக்கில் நாலு பேர் கேட்கப் பேசாதவள் பேசியதும் மரத்தடியில் சத்தம் நின்றுவிட்டது. அவள் மாமாவுக்கு நேராக நின்று கேட்டாள். "நீங்களா வந்தீங்களா, அவ போவச் சொல்லி வந்தீங்களா?"

நானாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டால் எல்லாம் நல்லபடியாகிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. சொல்லப்பா என்பதுபோல நாட்டாண்மைக்காரர் தொண்டையைக்கூடச் செருமினார். மாமா வைக்கோலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவதான் போவச் சொன்னா" என்றார். "எனக்குப் பொண்டாட்டி இருக்கறத நான் அவகிட்ட சொல்லல. யாரு மூலமாவோ தெரிஞ்சுபோச்சு. அன்னிக்கே சாமானத் தூக்கி வெளிய வெச்சுட்டா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னேன். திருச்சிக்கு பஸ் இருந்துச்சு, மெட்ராசுக்கு இருந்துச்சு. எங்க போனாலும் காயில் கட்டிப் பொழச்சுக்கலாம். அரியலூர் பஸ்ஸுல ஏறுனேன். அங்க எறங்குனா ரயிலும் நின்னுச்சு. நம்மூரு பஸ்ஸு வர்ற வரைக்கும் நின்னு ஏறி வந்தேன். அவ்வளவுதான், வேற சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து, "இத வேற வாய் விட்டுச் சொல்றான் பாரு" என்று ஒரு குரல் கேட்டது. அத்தை, "அவளாச்சும் ஞாயத்தைப் பாத்தாளே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மாமாவின் கையிலிருந்த வைக்கோலை உருவினாள். நிதானமாக நடந்துபோய் அதைச் செவலைப் பசுவின் வாயில் கொடுத்தாள். சோளத்தட்டையே தின்று வளர்ந்த பசு. நெல் வைக்கோல் அதற்கு விருந்து. கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று அத்தையின் கையை நக்கியது.

அத்தை திரும்பி மாமாவைப் பார்த்துச் சொன்னாள், "பட்டறை இனிமே செந்துறையிலதான். நானும் கூட வந்து ஒக்காருவேன். இன்னொரு தரம் இப்படி நடந்துச்சுன்னா, வைக்கலுக்கு ஆளு அனுப்ப மாட்டேன். சோளத்தட்டையையே ஒடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்." அந்த இளவட்டம் ஒருத்தன்தான் தலையை ஆட்டினான்.

நாட்டாண்மைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னப்பா, நீ என்ன சொல்ற?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "பசு தின்னதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்" என்றார்.

அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எங்கள் ஊரில் புருஷன் முன்னால் போவதும் பெண்சாதி பின்னால் போவதும்தான் வழக்கம். அன்று பட்டப்பகலில், தெருவெல்லாம் பார்க்க, அத்தை கையை வீசிக்கொண்டு முன்னால் போக, தலையில் தகரப் பெட்டியும் கையில் மாட்டுக்கயிறுமாக மாமா பின்னால் போனார். யாராவது கேலி செய்தால் நின்று அதையும் கேட்டுவிட்டுப் போனார். நான் போகவில்லை. புங்கமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். காலில் முள் ஏறி, பாவாடை கிழிந்து, குட்டு வாங்கிக் கொண்டுவந்த வைக்கோலை ஒரு பசுவுக்குப் போட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை.

மறுநாள் அப்பா மீசையில்லாமல் வந்தார். நான் யாரோ என்று நினைத்து உள்ளே ஓடிவிட்டேன். சவரம் செய்கிறவருக்குக் கத்தி சறுக்கிவிட்டது, ஒரு பக்கம் போனதால் மறுபக்கத்தையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார். நான் அந்தச் சவரக்காரரை வெகுகாலம் மன்னிக்கவில்லை. அப்பா அதற்குப் பிறகு மீசை வைக்கவே இல்லை. கேட்டால், வெயிலுக்கு அரிக்கிறது என்பார்.

அத்தை மாமாவை உடனே மன்னித்துவிட்டாள் என்று நான் கதை விட மாட்டேன். சோறு போடுவாள், பேச மாட்டாள். அடுத்த மாசியும் வந்து போனது. எனக்கு மிக்சர் வாங்கிவந்தால் அதைக்கூட அவள் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். ஆனால் சொன்னபடி செந்துறைப் பட்டறையில் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். மாமா கம்பி சுற்ற, அவள் சுற்று எண்ணினாள். யாராவது வந்து பேச்சுக் கொடுத்து மாமா எண்ணிக்கையைத் தவறவிட்டாலும் அவள் தவறவிட மாட்டாள். எந்த நாளில் அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கம் போனபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், பட்டறைக்கு ஓடு போட்டார்கள். எப்போதாவது சண்டை முற்றினால் அத்தை ‘சோளத்தட்டை’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். மாமா உடனே எழுந்துபோய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்டுவார்.

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் அந்த வைக்கோல் போர் அக்கா உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளுக்குப் பேரன் பேத்திகள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"உங்க அப்பாரு அன்னிக்குக் காலையில பால் கறக்கற நேரத்துக்கே வந்துட்டாரு" என்றாள். "எம் பொண்ணு வைக்கல் கேட்டு வருவா, ஒரு துரும்பு குடுத்தீங்கன்னாலும் ஜென்மத்துக்கும் உங்க வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்னாரு. மூணு வூட்லயும் இதே பேச்சுதான். ஊரு கேக்கச் சொன்ன சொல்ல மாத்த முடியாது, தங்கச்சி சனிக்கெழமையானா ரோட்டப் பாக்கறதையும் பாக்க முடியலன்னு எங்க மாமனாருகிட்ட கண்ணு கலங்குனாரு. ஆம்பளப் பசங்கள அனுப்புனா எப்படியாச்சும் கொண்டாந்துடுவானுங்க, சின்னப் புள்ள இல்லைன்னா பேசாம வந்துடும்னு உன்ன அனுப்பிச்சாரு. நீ போயி முள்ளு மரத்துல ஏறுவன்னு யாரு கண்டா?"

மணமேடையில் அத்தை தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். மாமா கழுத்து மாலையைச் சரிசெய்கிற சாக்கில் அவளிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். சுவரோரம் அப்பாவின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். மீசையில்லாத முகம். அவரை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்தால் சிரிப்பேனா, சண்டை போடுவேனா என்று தெரியவில்லை.

இடது கையால் உச்சந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அத்தனை பேர் கூடியிருந்த சபையில், அப்பா என்னை ஒருத்தியைத்தான் நம்பி அனுப்பினார். நான் வெறுங்கையோடு திரும்பி வருவேன் என்று நம்பினார்.